வெறுங்கால் கொழுந்தன்

அண்ணனைக் கல்லறைக் குகையில் வைத்து ஐந்து மாதம் ஆகியும் அசரேல் செருப்புப் போடவில்லை.

ஊரே அதைப் பெருமையாகப் பேசியது. துக்கத்துக்கு ஏழு நாள் வெறுங்காலோடு நடப்பார்கள். மிஞ்சிப்போனால் முப்பது நாள். அசரேலோ குகை வாசலில் கல்லைப் புரட்டி வைத்த கையோடு, மூப்பர்கள் முன்னால், கர்த்தர்மேல் ஆணையிட்டுவிட்டான். ஒரு வருஷம் முழுக்கக் காலில் செருப்பு இல்லை, தலையில் எண்ணெய் இல்லை. உறைபனி விழுந்த காலையிலும் யூதா மலைச்சரிவின் கல்லிலும் முள்ளிலும் வெறுங்காலோடு ஏறி இறங்கினான். குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. தண்ணீருக்குப் போகும் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்தக் காலைப் பார்த்துக் கண் கலங்கினார்கள்.

"இப்படியே போனா வருஷக் கடைசியில பாதம் தேஞ்சு முழங்கால்லதான் நடப்பான்" என்று எப்சிபாள் மட்டும் சொன்னாள். மூப்பர் மெசுல்லாமின் மனைவி அவள். அவள் வாய் அப்படி.

சிபியாளுக்கும் முதலில் கண் கலங்கத்தான் செய்தது. செத்துப்போன யெரோகாம் அவள் புருஷன். அசரேல் அவள் கொழுந்தன்.

கலங்கிய கண் தெளிய அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது.

சிபியாளுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளையில்லாமல் செத்தவனின் மனைவியை அவன் தம்பி சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறக்கும் முதல் ஆண்பிள்ளை செத்தவன் பெயரில் வளரும். செத்தவன் நிலமும் அந்தப் பிள்ளைக்குப் போகும். தம்பிக்கு இஷ்டமில்லையா, ஊர்வாசலுக்கு வந்து மூப்பர்கள் முன்னால் வேண்டாம் என்று சொல்லலாம். அப்போது அவள் அவன் காலிலிருந்து செருப்பைக் கழற்றி, அவன் முகத்தில் துப்புவாள். அவன் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் செருப்புக் கழன்றவன் வீடு என்று பெயர். அவளுக்கு விடுதலை. அவளையும் நிலத்தையும் மீட்கும் உரிமை அடுத்த உறவுக்காரனுக்குப் போகும்.

இரண்டில் ஒன்று நடக்கும்வரை அவள் கட்டுப்பட்டவள். வேறொருவனைக் கட்ட முடியாது. தகப்பன் வீட்டுக்குத் திரும்ப முடியாது. கொழுந்தன் கூரையின் கீழே, கொழுந்தன் கொடுக்கும் அப்பத்தைத் தின்று, கொழுந்தன் சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் அவள் ஊர்வாசலுக்குப் போனாள். மெசுல்லாம் சட்டத்தை எழுத்து எழுத்தாக அறிந்தவர். வாசல் வளைவுக்கு மேலே இருந்த அறையில்தான் குடியிருந்தார். விஷயத்தைக் கேட்டுத் தாடியைச் சொறிந்தார். அசரேலுக்கு ஆள் போனது. அவன் வந்தான். வெடித்த காலோடு புழுதியில் உட்கார்ந்து, ஒரு கைப்பிடி மண்ணைத் தலையில் போட்டுக்கொண்டு, அண்ணனுக்காக அழ ஒரு வருஷமாவது கொடுங்கள் என்று கேட்டான். மூப்பர்களில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

அவன் போன பிறகு மெசுல்லாம் அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்: "கழற்றணும்னா முதல்ல செருப்பு காலில் இருக்கணுமே, மகளே. வெறுங்காலில் எதைக் கழற்றச் சொல்றே?"

அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. ஆணையிட்டவனைச் செருப்புப் போடு என்று எந்த மூப்பரும் கட்டாயப்படுத்த முடியாது. துக்கத்தில் இருப்பவனைக் கல்யாணம் செய் என்றும் சொல்ல முடியாது. அவன் ஆமாம் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே அவளை நிறுத்தி வைத்துக் கதவைச் சாத்திவிட்டான். ஊரோ அவன் காலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், மதில் வளைவில், அவன் காத்திருந்தான்.

"வாசலுக்கெல்லாம் எதுக்கு மதினி நடக்கறீங்க? கால் நோகும்" என்றான். சிரித்தான். "எனக்குப் பழகிப்போச்சு."

அவனுக்கு என்ன லாபம் என்று அன்று முழுக்க யோசித்தாள். யோசிக்க அதிகம் இல்லை. தகப்பன் சொத்து மூன்று பங்காகி மூத்தவனுக்கு இரண்டு, இளையவனுக்கு ஒன்று என்று போயிருந்தது. திராட்சைத் தோட்டமும் எண்ணெய்ச் செக்கும் யெரோகாமுக்கு. பொறுக்கப் பொறுக்கக் கல் தீராத மேட்டு நிலம் அசரேலுக்கு. இப்போது மூன்று பங்கும் அசரேல் கையில். அவளைச் சேர்த்துக்கொண்டு ஆண்பிள்ளை பிறந்தால் இரண்டு பங்கு அந்தப் பிள்ளைக்குப் போய்விடும். வேண்டாம் என்றால் இரண்டு பங்கு அடுத்த உறவுக்காரன் பெதாயாவுக்குப் போய்விடும்.

சிபியாள் செத்துப்போனால்?

கேட்க ஆளே இல்லை.

அடுத்த வாரம் அந்தப் பெதாயாவே வந்தான். யெரோகாமின் பெரியப்பன் மகன். எதிர் மலையில் ஆடு வைத்திருந்தான். மனைவி செத்துப்போய் மூன்று பெண்பிள்ளைகள். முற்றத்துச் சுவர் ஓரத்தில் நின்று, தரையைப் பார்த்தபடி, புதிதாகக் கத்தரித்த ரோமம் ஒரு கட்டுக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னான். வேறெதுவும் சொல்ல வரவில்லை அவனுக்கு. அசரேல் உள்ளே எட்டிப் பார்த்து, "மதினி, உங்களைப் பார்க்க ஒரு கிடா வந்திருக்கு" என்றான். பெதாயாவின் காது சிவந்தது. ரோமத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாளிலிருந்து அசரேல் மதினிக்கென்று தானே கீரையும் காயும் பறித்துவர ஆரம்பித்தான்.

மூன்றாம் நாள் அவள் கிண்ணத்துக் கூழ் முதல் வாயிலேயே நாக்கை இழுத்தது. துப்பினாள். பேய்க்கொம்மட்டி. வயிற்றை அறுத்துப்போடும் காய். அசரேல் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தான்.

"ஏன் மதினி, உப்புக் குறைச்சலா?"

கொம்மட்டிக்கும் பேய்க்கொம்மட்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் பறித்துவிட்டதாக அவனே ஊரில் சொல்லிச் சிரித்தான். ஊரும் சிரித்தது. ஆம்பிளைக்குக் கொடி தெரியுமா என்ன?

அதற்குப் பத்து நாள் கழித்து, திராட்சைத் தோட்டத்தில் அவள் கவாத்துக் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தபோது மேல்வரிசைச் சுவரிலிருந்து ஒரு கல் உருண்டு வந்தது. ஆட்டுக்குட்டி அளவுக் கல். ஒரு சாண் தள்ளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சுவருக்கு மேலே யாருமில்லை. ஓடுகிற சத்தமும் இல்லை.

செருப்புப் போட்டவன் நடந்தால் பாறையில் சத்தம் கேட்கும். வெறுங்கால் சத்தம் போடாது. அன்றிலிருந்து வீட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் அவளுக்கு நிம்மதி. எதுவும் கேட்காத நேரத்தில்தான் முதுகு சில்லிட்டது.

மாமியார் மாக்காள் அந்த வீட்டில் மூன்றாவது ஆள். மூத்தவன் செத்ததிலிருந்து அவள் பேச்சுச் சுருங்கிவிட்டது. மருமகள் படுக்கும் அறையின் வாசல்படியில் குறுக்கே பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள். துக்கத்தில் தனியாகப் படுக்கப் பயப்படுகிறாள் என்றுதான் சிபியாள் நினைத்திருந்தாள்.

ஆபிப் மாதம் பிறந்தது. பத்தாம் நாள் அசரேல், முன்னோர் எகிப்தை விட்டுக் கிளம்பிய இரவை நினைத்துச் சாப்பிடும் பஸ்காவுக்கு ஒரு கடாக்குட்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் கட்டிவிட்டு வயலுக்குப் போனான். மாமியாரும் மருமகளும் திரிகையின் முன்னால் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே பிடியில் நான்கு கையும் வைத்து அரைத்துக்கொண்டிருந்தார்கள். மாக்காள் செய்ய வேண்டியதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள். புளித்த மாவை வெளியே போடணும். கசப்புக்கீரை பறிக்கணும். கச்சை மூணையும் துவைக்கணும். தடி எடுத்து வைக்கணும். செருப்பு...

திரிகை நின்றது.

"பஸ்காவை எப்படிச் சாப்பிடணும் அத்தை?" என்றாள் சிபியாள்.

"அவசரமா. இடுப்பில கச்சை, கையில தடி."

"காலில?"

 மாக்காள் திரிகையை மறுபடி தள்ளினாள். மூன்று சுற்றுப் போன பிறகு, மூன்று பேருக்கு ஒரு ஆடு அதிகம் என்றாள். விடியும்வரை இறைச்சி மிச்சம் இருக்கக் கூடாது. சின்னக் குடும்பம் பக்கத்து வீட்டோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் கட்டளை. அவர்கள் வீடு மதிலை ஒட்டியிருந்தது. பக்கத்து வீடு என்றால் வாசலுக்கு மேலே மெசுல்லாம் வீடுதான்.

சிபியாள் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். மாமியார் இவ்வளவு நீளமாகப் பேசி ஐந்து மாதம் ஆகிறது.

"சந்தோஷப்படாதே" என்றாள் மாக்காள். "செருப்பு காலில ஏறின உடனே, சரி, சேர்த்துக்கிறேன்னு சொல்லிட்டான்னா என்ன செய்வே? அப்புறம் நீ அவன் பெண்டாட்டி. அவன் அறை, அவன் கதவு. நான் வாசல்படியில படுக்க முடியாது."

"நீங்க எதுக்கு அத்தை வாசல்படியில படுத்தீங்க?"

மாக்காள் மாவைக் கையால் ஒதுக்கினாள். பிறகு சொன்னாள், குரல் ஏறாமல், இறங்காமல்.

மழைக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் துரவில் சேறு அள்ளப் போனார்கள். மழைத்தண்ணீர் பிடிக்க மலைப்பாறையில் வெட்டிய ஆழக் குழி அது. அண்ணன் விளிம்பில் வழுக்கி விழுந்துவிட்டதாகத் தம்பி ஓடிவந்து சொன்னான். ஆட்கள் போனபோது யெரோகாம் அடியில் கழுத்து முறிந்து கிடந்தான். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். உடலைக் கழுவியது மாக்காள். அவள் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லை.

"எட்டு விரல் நசுங்கியிருந்துச்சு. விளிம்பைப் பிடிச்சுத் தொங்கியிருக்கான். விரல்மேல செருப்புக் குதித் தடம். நான் துணியைச் சுத்தி மூடிட்டேன்."

சிபியாள் திரிகைப் பிடியை விட்டுவிட்டாள்.

"அஞ்சு மாசமா என்கிட்ட சொல்லல."

"அவனும் என் பிள்ளைதான்" என்றாள் மாக்காள். "செருப்பு உன் காரியம். அதுக்கு வேண்டியதைச் செய்றேன். ஆனா சாட்சிக்கு என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டா வாய் திறக்க மாட்டேன். எனக்கு மிச்சம் இருக்கிறது ஒருத்தன்தான்."

சிபியாள் கணக்குப் போட்டாள். வேண்டாமென்று விட்டுவிட்டால் இன்னும் ஏழு மாதம் அவனுடைய வெறுங்காலுக்குக் காது கொடுத்துக் கிடக்க வேண்டும். ஏழு மாதம் தாங்குவாளா என்பதே சந்தேகம்.

"கூப்பிட மாட்டேன்" என்றாள்.

மாக்காள் அன்றே எப்சிபாளிடம் போய்ப் பேசினாள். அசரேல் முதலில் இழுத்தான். மிச்ச இறைச்சியை நெருப்பில் போட்டால் போகிறது என்றான். மூப்பர் அழைத்து மறுத்தால் உன் துக்கத்துக்கே இழுக்கு என்று மாக்காள் சொன்னதும் வருகிறேன் என்றான். ஊர் தன்னைப் பார்க்கும் இடத்துக்குப் போக அவனுக்கு எப்போதும் ஆசைதான்.

பதினான்காம் நாள் பொழுது இறங்கியது. மெசுல்லாம் ஈசோப்புச் செடிக் கொத்தை ஆட்டின் ரத்தத்தில் தோய்த்துக் கதவு நிலைகளில் பூசினார். ஏழு பேர் உள்ளே போனார்கள்: மெசுல்லாம், எப்சிபாள், வீட்டில் தனக்கென்று யாருமில்லாமல் வருஷாவருஷம் அவரோடு பஸ்கா சாப்பிடும் இரண்டு கிழ மூப்பர்கள், மாக்காள், சிபியாள், அசரேல். கதவு சாத்தப்பட்டுக் குறுக்குத் தடி விழுந்தது.

அசரேல் கச்சை கட்டியிருந்தான். கையில் தடி. கால் வெறுமை.

"செருப்பு எங்கேடா?" என்றார் மெசுல்லாம்.

ஆணை இருக்கிறதே என்று அவன் பணிவாக நினைவுபடுத்தினான்.

"எகிப்தை விட்டு வெறுங்காலோடயா கிளம்பினோம்? உன் ஆணை உன் வாயிலிருந்து வந்தது. இது மேலேயிருந்து வந்தது. போடு."

அசரேல் சங்கடமாகச் சிரித்து, செருப்பைக் கொண்டுவரவில்லை என்றான். மாக்காள் மேல்துணிக்குள்ளிருந்து ஒரு ஜோடியை எடுத்தாள். அவனுடையதுதான். எண்ணெய் தடவி மெருகேற்றியிருந்தாள். யாரும் கேட்காமலே மண்டியிட்டு, வெடித்துப்போன அந்தக் கால்களைச் செருப்புக்குள் நுழைத்து, வாரைக் கட்டினாள். அசரேல் தாயின் உச்சந்தலையைக் குனிந்து பார்த்தபடி நின்றான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத்தானே என்று நினைத்திருப்பான்.

நின்றபடியே சாப்பிட்டார்கள். சுட்ட இறைச்சி, புளிப்பில்லாத அப்பம், கசப்புக்கீரை. சிபியாளுக்கு எது எந்த ருசி என்றே தெரியவில்லை. எலும்பெல்லாம் நெருப்புக்குப் போனதும் அவள் மெசுல்லாமின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, கொழுந்தனார் காலில செருப்பு இருக்கு. இப்போ கேளுங்க."

 அசரேல் மெதுவாகத் தன் காலைப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான். மாக்காள் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

இது சாப்பிடும் இடம், வாசல் இல்லை என்றான் அசரேல். மெசுல்லாம் கைத்தடியால் தரைப் பலகையைத் தட்டினார்.

"இதுக்குக் கீழே என்ன இருக்கு? வாசல். மழைக்காலத்துல நாங்க எங்கே உட்கார்ந்து வழக்குக் கேட்போம்? இங்கே. உங்க அப்பன் சொத்தை மூணாப் பிரிச்சது எங்கே? இதோ, நீ நிக்கிற இடத்துல. மூப்பரும் மூணு பேர் இருக்கோம். பதில் சொல்லு. அண்ணன் பேரை எழுப்புவியா, மாட்டியா?"

வருஷம் முடியட்டும் என்றான். அப்புறம் என்று ஒரு பதில் சட்டத்தில் கிடையாது என்றார் மெசுல்லாம்.

அசரேல் யோசித்தான். சிபியாளைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"சேர்த்துக்கிறேன்" என்றான். "எனக்கு என்ன கசக்குதா? நாளைக்குப் பொழுது இறங்கினதும் மதினி என் அறைக்கு வரட்டும்."

கிழவர்கள் இருவரும் ஒரே குரலில் ஆசீர்வாதம் சொன்னார்கள். எப்சிபாள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிபியாளுக்குக் காலுக்குக் கீழே பலகை இருப்பதே தெரியவில்லை. ஒரே ஒரு வார்த்தையில் ஏழு மாதம் ஒரே நாளாகச் சுருங்கிவிட்டது. மாமியார் பக்கம் திரும்பினாள். வாய் வரை வந்ததை விழுங்கினாள். கூப்பிட மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

மாக்காள் எழுந்தாள். கை சாம்பலை உதறினாள். வார் தளர்ந்திருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு மகன் காலடியில் மறுபடி மண்டியிட்டாள். சிபியாள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அதனால் அவள் காதிலும் விழுந்தது.

"அண்ணன் விரலைக் கழுவினது நான்தாண்டா."

அசரேலின் கால் அசையவில்லை.

"எட்டு விரல். இந்தக் குதிதான். தையல் தடம்கூடப் பதிஞ்சிருந்துச்சு."

"அம்மா..."

"மூப்பருக்கு ரெண்டு சாட்சி வேணும். பெதாயாவுக்கு ஒண்ணு போதும்."

கொலைப்பழி வாங்கக் கடமைப்பட்டவன் நெருங்கிய ரத்த உறவுக்காரன். விதவையை மீட்க வேண்டியவன் எவனோ, அவனேதான் கத்தியையும் எடுக்க வேண்டியவன். பெதாயாவுக்குப் பேச வராது. ஆனால் தினமும் ஆடு அறுக்கிறவன்.

"வேண்டாம்னு சொல்லு. செருப்போட போயிடும்" என்றாள் மாக்காள்.

என்ன முணுமுணுப்பு என்று மெசுல்லாம் கேட்டார்.

"பெத்தவ பிள்ளைக்குச் செருப்புக் கட்டறா. அதுக்கும் ஒரு சட்டம் வச்சிருக்கீங்களா?" என்றாள் எப்சிபாள்.

அசரேலின் முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தது மட்டும் போய்விட்டது. தொண்டையைச் செருமினான்.

"எனக்கு இவ வேண்டாம்."

மெசுல்லாம் நம்பவில்லை. மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதே பதில், அதே முகம். கிழவர்களில் ஒருவர் தன் ஆசீர்வாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று மற்றவரிடம் கேட்டார்.

சிபியாள் குனிந்தாள். தாய் போட்டிருந்த முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. வலது கால் செருப்பு கையோடு வந்தது. எழுந்து நின்றாள். துப்ப வேண்டும்; வாயில் ஈரமே இல்லை. பல்லிடுக்கில் இருந்த கசப்புக்கீரையை நாக்கால் தேடி எடுத்து, பச்சையாய்த் துப்பினாள். அது அவன் கண்ணுக்குக் கீழே ஒட்டிக்கொண்டது. சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். மூன்று மூப்பரும் சாட்சி என்றார்கள்.

முடிந்தது. அவள் இனி யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. மேல்துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

"எங்கே போறே?" என்றார் மெசுல்லாம்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

பஸ்கா இரவில் விடியும்வரை ஒருவரும் வாசலைத் தாண்டக் கூடாது. நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரிந்த கட்டளை. அவளுக்கும் தெரியும். நான்கு நாளாகச் செருப்பு, செருப்பு என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தவள் இதை மறந்தே போயிருந்தாள். யார் முகத்தில் துப்பினாளோ அவனோடு ஒரே அறையில் விடியும்வரை இருந்தாக வேண்டும்.

அசரேல் துப்பலைத் துடைக்கவில்லை. எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வயிறு நிறைந்த கிழவர்கள் சீக்கிரமே குறட்டை விட்டார்கள். எப்சிபாள் கடைசியாக ஒரு முறை கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்தாள். மெசுல்லாமின் தலை தொங்கியது. விளக்குத் திரி சிறுத்துக்கொண்டே வந்தது.

அது அணைவதற்குச் சற்று முன்னால், அசரேல் குனிந்து தன் இடது கால் செருப்பையும் தானே கழற்றி, சத்தமில்லாமல் ஓரமாக வைத்தான்.

இருட்டு.

சிபியாள் முதுகைச் சுவரோடு ஒட்டினாள். ஒரு குறட்டை. இரண்டாவது குறட்டை. கீழே வாசலில் யாரோ கட்டிவைத்த கழுதையின் பெருமூச்சு. அவன் இருந்த பக்கத்திலிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கத்தலாமா? கத்தினால் என்ன சொல்வது? எதுவும் நடக்கவில்லையே இன்னும்.

"சின்னவனே" என்றது மாக்காளின் குரல்.

அமைதி.

"இங்கே வா. அம்மா பக்கத்துல படு. குளிருது."

அவன் பதில் சொன்னபோது குரல் எதிர்ச்சுவரிலிருந்து வரவில்லை. அறையின் நடுவிலிருந்து, சிபியாளுக்குக் கை நீட்டினால் எட்டும் தூரத்திலிருந்து வந்தது.

"வரேன்மா."

துணி உரசியது. யாரோ உட்காரும் சத்தம். கச்சைத் துணி இழுபடும் சத்தம். பிறகு மாக்காள் சொன்னாள், ஏதோ கைக்குழந்தையைத் தூங்க வைப்பவள்போல: "உன் கச்சை முனையை என் மணிக்கட்டுல சுத்திக்கிட்டேன். நீ எழுந்தா எனக்குத் தெரியும். தூங்கு."

கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சின்னவனே, இருக்கியா?"

"இருக்கேன்."

சிபியாள் அதை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நாற்பது, ஐம்பது வந்திருக்கும். ஒரே ஒரு தரம், சேவல் கூவுவதற்கு முன்னால், பதில் உடனே வரவில்லை. மாக்காள் இரண்டாம் முறை கேட்கவில்லை. காத்திருந்தாள்.  பிறகு, மெதுவாக, "இருக்கேன்" என்றது இருட்டு.

வெளுத்ததும் மெசுல்லாம் குறுக்குத் தடியை எடுத்தார். கீழே பெதாயா கழுதையோடு நின்றிருந்தான். ஊருக்குள்ளேயே யார் வீட்டிலாவது பஸ்கா சாப்பிடு, விடிந்ததும் வாசலுக்கு வா, எதுவும் கேட்காதே என்று மாக்காள் முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் சிபியாளைப் பார்த்தான். கையிலிருந்த செருப்பைப் பார்த்தான். காது சிவந்தது. கழுதையின் முதுகில் விரித்திருந்த ரோமத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

சிபியாள் பாதிப் படியில் நின்று மாமியாருக்காகக் காத்திருந்தாள். மாக்காள் வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் துணி இறுகிய தடம் சிவப்பாக ஓடியிருந்தது.

"அத்தை, என்னோட வந்துடுங்க. அங்கே மூணு பெண்பிள்ளைங்க இருக்கு, பார்த்துக்க ஆள் வேணும். பெதாயா மறுக்க மாட்டார்."

"நான் வந்துட்டா இவனுக்கு யாரு இருக்கா?"

"ராத்திரி அவர் எழுந்து வந்தது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நீங்க விரலைப் பார்த்தது இப்போ அவருக்கும் தெரியும்."

"அதுவும் தெரியும்" என்றாள் மாக்காள். "உனக்கு ஆண்பிள்ளை பிறந்தா மூத்தவன் பேரை வை. கூப்பிடும்போது சத்தமாக் கூப்பிடு." கையை விடுவித்துக்கொண்டாள்.

அசரேல் அவர்களைக் கடந்து முதலில் இறங்கியிருந்தான். முகத்தைக் கழுவியிருந்தான். இரண்டு காலும் வெறுமை. கடைசிப் படிக்குக் கீழே திரும்பி நின்று, தாய்க்காகக் கையை நீட்டினான்.

"பார்த்து இறங்கும்மா. பனியில கல்லு வழுக்கும்."

மாக்காள் அந்தக் கையைப் பார்த்தாள். மேலே சிபியாளை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் கையை மகன் கையில் வைத்தாள்.

இருவரும் மதிலை ஒட்டி நடந்தார்கள். அவன் அவளைப் பக்குவமாகப் பிடித்திருந்தான். போகலாமா என்று பெதாயா கேட்டான். மூலை திரும்பி அவர்கள் மறையும்வரை சிபியாள் கழுதைமேல் ஏறவில்லை.